மோட்டாருக்கு நான் பூசிய விபூதி

பத்தொன்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் பேனா பிடித்திருக்கிறேன். அவ்வளவு காலத்தில் நான் எழுதிய இங்கிலீஷில் ஒரேயொரு வாக்கியத்தைத்தான் துரை வாய்விட்டுப் பாராட்டினார். வாசித்துவிட்டுச் சிரித்தார், மறுபடி வாசித்தார், மேசையைத் தட்டினார். அந்த வாக்கியம் ஒரு மனிதனை வேலையைவிட்டு அனுப்பும் காகிதத்தில் எழுதப்பட்டது. அந்த மனிதன் மேல் குற்றமில்லை என்பது எனக்குத் தெரியும். குற்றம் யார் மேல் என்பதும் தெரியும், ஏனென்றால் தினமும் காலையில் அந்த ஆளுக்கு நான்தான் முகச்சவரம் செய்கிறேன்.

எங்கள் தோட்டம் பெரகல சந்திக்கு மேலே இருந்தது. நான் அங்கே பெரிய கிளாக்கர். பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வீட்டில் இரண்டு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. அவற்றில் முக்கால்வாசியை நான் படித்திருந்தேன். மீதியைப் படித்ததாகச் சொல்லியிருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். வால்வெள்ளி தோன்றினால் அரிசிக்குத் தட்டுப்பாடு வருமா என்பது முதல், பசு ஏன் சினைப்படவில்லை என்பது வரை கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதபடியால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது அந்தத் தகரப் பெட்டிகளில் இருக்கவில்லை.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த பிறகு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து எங்கள் துரை ஒரு பழைய மோட்டார் காரை வாங்கினார். சண்டைக்கு முந்தியே கப்பலேறி வந்த கார் அது. மேலே கன்வஸ் கூரை, பித்தளை விளக்கு, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். காரோடு கூடவே டிரைவரும் வந்து சேர்ந்தார். பதுளைக்காரர், முஸ்லிம், ஏறக்குறைய என் வயதுதான். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, காக்கிக் கோட்டு. அவருடைய ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் தோட்டத்தில் எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்க் கொட்டகையில் சாக்கு விரித்து, இஞ்சினிலிருந்து காபரேட்டரைக் கழற்றித் துடைப்பார். நான் கையில் ஒரு புத்தகத்தோடு போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். கேட்காமலே விளக்கம் சொல்லுவார்.

"இது மோட்டார்ட மூக்கு ஐயா. இந்த வாயால காத்த இழுக்கும். உள்ளுக்கு ஒரு கதவு ஈக்கி, பாருங்க" என்று ஒரு சல்லிக்காசு அளவான பித்தளைத் தகட்டைக் காட்டுவார். அது நடுக்கம்பியில் திரும்பித் திரும்பிக் குழாயைத் திறந்தும் மூடியும் நின்றது. "ஓடக்குள்ள தொறக்கும். நிக்கக்குள்ள மூடும். மூடினாலும் ஓரத்துல மயிரிழை இடைவெளி ஈக்கணும். அந்த இடைவெளியாலதான் நிண்ட இடத்துல மூச்சு விடுது. அது அடைபட்டா ஓடும், ஆனா நிக்கத் தெரியாது."

"நிக்கத் தெரியாத ஆட்கள் நம்ம தோட்டத்துலயும் இருக்காங்க, நானா" என்றேன் நான்.

"மனிசருக்கு மூக்குல முடியாவது ஈக்கி ஐயா, தூசிய மறிக்க. இதுக்கு அதுவும் இல்ல. வாய்க்கு முன்னால எது வந்தாலும் விழுங்கிரும்."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே எனக்குத் தெரியாது என்று பிற்பாடு சொல்ல வழியில்லாமல் போயிற்று.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அது ஸ்டோரில்தான் நடக்கும். ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கும் ஃபாக்டரி. உருளை மெஷினுக்கும் அடுப்புக்கும் தராசுக்கும் சந்தனம் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்திகள், மண்வெட்டிகள், மண் கிளறும் முள்ளுகள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாகச் சாத்தி வைப்பார்கள். ஆபீசிலிருந்து என் பேனாவும் டைப் மெஷினும் போகும். பூசையில் வைத்த எதையும் மறுநாள் விஜயதசமி பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் கத்தியும் மனிதனும் சேர்ந்தாற்போல் ஓய்வெடுப்பது.

அந்த வருஷம் துரை ரயிலேறி நுவரெலியாப் பக்கம் போயிருந்தார். கார் கொட்டகையில் சும்மா நின்றது. பெரிய கங்காணிக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏங்க கிளாக்கரய்யா, மோட்டாரும் ஆயுதந்தானுங்களே? அதையும் கொண்டாந்து நிப்பாட்டி ஒரு தேங்காய ஒடைச்சிரலாங்க."

நானாவிடம் கேட்டோம். மறுக்காமல் ஓட்டிவந்து ஸ்டோர் வாசலில் நிறுத்தினார். எங்கள் பூசாரிக்குக் காய்ச்சல். ஆகவே படித்தவன் என்ற முறையில் பூசை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று எழுதுகிறேன். நான் குனிந்து கொடுத்தேன் என்பது பொருத்தம். எனக்கு அந்தச் சடங்குகளில் நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றி மாலை நேரங்களில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் நீண்ட பிரசங்கமே செய்திருக்கிறேன். ஆனால் நாலு பேர் கூடி நின்று கையெடுத்துப் பார்க்கும்போது, நம்பிக்கை இல்லாதவனுக்கும் ஒரு உற்சாகம் வந்துவிடுகிறது.

இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னேன். பூ வைத்தேன், பொட்டு வைத்தேன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பின்னால் நின்ற கங்காணி, "அவ்வளவுதானுங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பொறுக்கவில்லை.

"நானா, இஞ்சினை ஓட்டுங்க."

"எதுக்கு ஐயா?"

"பிராணன் வேணும். மூச்சில்லாத வண்டிக்குப் பூசை பண்ணி என்ன பிரயோசனம்?"

எந்தச் சாஸ்திரத்திலும் அப்படி இல்லை. அந்த நிமிஷத்தில் என் நாக்கில் உற்பத்தியான சாஸ்திரம் அது. கங்காணி மட்டும், "அதான பார்த்தேன்" என்று ஏதோ வெகுநாளாகத் தெரிந்த விஷயம் போலத் தலையை ஆட்டினார்.

நானா கைப்பிடியைச் சுற்றினார். இஞ்சின் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நான் விபூதித் தட்டை எடுத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஐயா, பூ வைங்க, பொட்டு வைங்க, தேங்கா ஒடைங்க. சாம்பல் மட்டும் இந்தப் பக்கம் வாணாம்."

அவருடைய விரல் காபரேட்டரின் வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் விரலைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தேன்.

அவருடைய மார்க்கத்துக்கு விபூதி ஒவ்வாது, அதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தவறான காரியங்கள் எனக்கு எப்போதும் உடனே விளங்கும். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்கு முன்னால் நின்று, எல்லாரும் கேட்கும்படி, மனிதர் யாவரும் ஒன்று, தெய்வமும் ஒன்று, பெயர்தான் வேறு என்று ஒரு பிரசங்கம் செய்தேன். நதிகளெல்லாம் கடலில் கலக்கின்றன என்றேன். மகாவலி கங்கையைக்கூட இழுத்தேன்.

"அது இல்ல ஐயா..." என்றார் நானா.

"புரியுது நானா, எனக்குப் புரியுது" என்று அவர் தோளைத் தட்டினேன். பிறகு ஒரு கைப்பிடி விபூதியை அள்ளி, தாராளமாக, இஞ்சினுக்கு மேலே தூவினேன்.

வெள்ளைப் புகை போல் எழுந்த விபூதி ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்தாற்போல் வளைந்து காபரேட்டர் வாய்க்குள் போனது. இஞ்சின் பலமாக ஒரு தும்மல் போட்டது.

"பாத்தீங்களா! சாமி ஏத்துக்கிச்சு!" என்று கத்தினார் கங்காணி. பெண்கள் குலவை போட்டார்கள். நான் அந்தச் சூட்டோடு மாவிலையால் சந்தனத் தண்ணீரையும் அதே இடத்தில் தெளித்தேன். நானா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவரும் உருகிவிட்டார் என்று நினைத்து நான் அகமகிழ்ந்தேன்.

கூட்டம் சுண்டலுக்குக் கலைந்ததும் அவர் ஸ்பானரோடு வந்தார். "ஐயா, இப்பவே கழட்டித் தொடைச்சிட்டா நல்லம். காஞ்சா இறுகிரும்."

சாமிக்கு வைத்த பொருளில் ஒரு முஸ்லிம் ஸ்பானரை வைப்பதை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணியின் முகம் மாறியது. "நாளைக்குப் பூசை முடியட்டும், நானா. அதுவரைக்கும் தொடக்கூடாதுங்கிறது வழக்கம்" என்று நான் சொன்னேன். எனக்கு நம்பிக்கையில்லாத வழக்கம்தான். அவர் நாற்பது முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பானரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் தந்தி வந்தது. துரை முதல் ரயிலில் அப்புத்தளைக்கு வருகிறார், கூடவே சீமையிலிருந்து வந்திறங்கிய அவருடைய மாமியாரும் வருகிறார், கார் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். விஜயதசமியாவது வழக்கமாவது, துரையின் தந்தி வந்தால் எல்லாத் தீட்டும் கழிந்துவிடும். நானாவுக்குத் துடைக்க நேரமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பெரகலையில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் வந்து சொன்னார், அவர் சொன்னால் பார்த்ததைவிட விரிவாக இருக்கும். கார் ஓடும்போது நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பெரகல சந்தியில் மாட்டுவண்டிகளுக்கு வழிவிட நிறுத்தியதும், இஞ்சின் நொண்டிக் குதிரை மாதிரி ரெண்டு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. நானா இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினார். ஓடியது. ஏறி உட்கார்ந்தார். நின்றது. இப்படி நாலு தடவை. கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். "நானா, புல்லுப் போட மறந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "அந்த மாட்ட அவுத்து இதுல கட்டுங்கப்பா" என்றான் வண்டிக்காரன். மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டில் மனிதர்கள் பிரயாணம் செய்வது இப்படித்தானா என்று மருமகனைக் கேட்டாராம். வெற்றிலைக் கடைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி அவருக்கு விளங்கியிருக்கிறது.

மறுநாள் துரை நானாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் என் மேசையில் இருந்தேன். துரைக்குத் தமிழ் தெரியும், அவருடைய தமிழ்.

"நீ பெட்ரோல் விக்கிறான். மண்ணெண்ணெய் கலக்கிறான். எனக்குத் தெரியும்."

"இல்ல தொரை. நான் அப்பிடி ஆள் இல்ல. காபரேட்டர் கதவுல அடைப்பு. ஒரு மணித்தியாலம் தாங்க, தொரைக்கு முன்னால கழட்டிக் காட்டுறேன்."

"என்ன அடைப்பு? எப்படி வந்தது?"

நானா வாயைத் திறந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அது குற்றஞ்சாட்டும் பார்வையல்ல. கதவைத் திறந்துவிட்டு, "நீங்க முதல்ல போங்க" என்று ஒதுங்கி நிற்கிறவனின் பார்வை. நான் மேசை இழுப்பறையில் என் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அது என் காதிலேயே இருந்தது.

"தெரியல்ல தொரை" என்றார் நானா.

சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். டிரைவருக்குக் கொடுக்கிற சர்ட்டிபிகேட்டை எழுதச் சொல்லி, தன் வாயால் ஒரு வாக்கியம் சொன்னார். அது கரடுமுரடாக இருந்தது. அதைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை. 'எரிபொருள் கலப்பில் இவர் காட்டிய தாராள மனம் எங்கள் தோட்டத்தின் தாங்கும் சக்திக்கு மேற்பட்டது' என்ற கருத்துப்பட எழுதினேன். இங்கிலீஷில் அது இன்னும் வழுவழுப்பாக இருக்கும். அந்த வாக்கியத்துக்குத்தான் துரை மேசையைத் தட்டினார். ஊவா மாகாணத்தில் அதை வாசிக்கிற எந்தத் துரையும் நானாவைத் தன் காரின் பக்கத்தில் அண்டவிடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, மத்தியானச் சாப்பாடுவரை அந்தப் பாராட்டை மனதுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில் அதை மனைவியிடம் சொன்னேன். வாக்கியத்தைத் தமிழ்ப்படுத்தியும் காட்டினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏங்க, அந்த மோட்டாருக்குள்ள விபூதியப் போட்டது நீங்கதான?" என்று கேட்டாள்.

"அது வேற விஷயம்."

"எது வேற?"

நான் அப்பளம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அப்புத்தளையில் தொழுதுவிட்டு வந்து, நானா ஆபீஸ் ஜன்னலருகில் நின்றார். "ஐயா, நாளைக்குப் போறேன். போறத்துக்கு முந்தி அதத் தொடைச்சிட்டுப் போகணும். நீங்க கொஞ்சம் வந்து பக்கத்துல நிண்டா போதும். கண்ணால பார்த்த ஆள் ஒருத்தர் வேணும் எனக்கு. நீங்க சொன்னா தொரை நம்புவார்."

போனேன். சாக்கை விரித்தார். நாலு ஆணியைத் தளர்த்தி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, காபரேட்டரை ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துச் சாக்கில் வைத்தார். வாயைத் திருப்பி எனக்குக் காட்டினார். பித்தளைத் தகட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இறுகிக் கிடந்தது. எண்ணெயும் விபூதியும் சந்தனமும் சேர்ந்து சுண்ணாம்புச் சாந்து போல் ஆகியிருந்தது. மயிரிழை இடைவெளி என்று அவர் சொன்ன இடமே இல்லை. பக்கத்தில் இருந்த ஊசித்துளையும் அடைத்திருந்தது. கொட்டகையில் பெட்ரோல் மணத்துக்கு நடுவே லேசாகச் சந்தனம் மணத்தது. நான் தும்மினேன். இந்தத் தடவை யாரும் குலவை போடவில்லை.

அவர் பீங்கான் கோப்பையில் பெட்ரோல் ஊற்றினார். ஒரு மரக்குச்சியைச் சீவி, அந்தச் சாந்தைக் கொஞ்சங்கொஞ்சமாக உரித்து, உதிர்ந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் சேர்த்தார். கத்தி வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். "இரும்பு பட்டா தகடு கீறும் ஐயா" என்றார். பிறகு பழைய துணியைப் பெட்ரோலில் நனைத்து, தகட்டின் ஓரத்தை, முன்னும் பின்னும், பளபளக்கும்வரை துடைத்தார். ஊசித்துளைக்குக் கம்பி போடவில்லை. கம்பி துளையைப் பெரிதாக்கிவிடுமாம். கோழியிறகின் தண்டால் மெல்லக் குத்தி, வாயை வைத்து ஊதினார். உதட்டில் பெட்ரோல் பட்டுத் துப்பினார். மறுபடி ஊதினார்.

திரும்பப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். ஓடியது. ஆனால் இன்னும் கொஞ்சம் தத்தியது. தகட்டை எவ்வளவு மூடவிடுவது என்பதற்கு ஒரு சிறு திருகாணி உண்டு. அதைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று திருப்பிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "கைய வைங்க ஐயா" என்று என் கையை எடுத்துக் காரின் முன்பக்கத் தகரத்தில் வைத்தார். தகரம் நடுங்கியது. அவர் திருப்பினார். நடுக்கம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு என் கைக்கடியில் அது தூங்குகிற பூனையைப் போல ஆகிவிட்டது.

"இப்ப நிக்கத் தெரியும்" என்றார்.

"நான் துரைகிட்டச் சொல்றேன், நானா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். கொட்டகையிலிருந்து பங்களாவுக்கு முந்நூறு அடி இருக்கும். முதல் நூறு அடிவரை அந்த மனம் பூரணமாகவே இருந்தது.

துரை வராந்தாவில் மாமியாரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே, காபரேட்டரின் தொண்டையில் அழுக்கு அடைத்திருந்தது, என் கண்ணால் பார்த்தேன், பெட்ரோலில் கலப்படம் இல்லை என்றேன்.

"என்ன அழுக்கு?"

இதுதான் சமயம். மாமியார் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படித்த கிளாக்கர், ஓடுகிற மோட்டாருக்குள் சாம்பலை வீசியவர், என்று அந்த வராந்தாவிலிருந்து துரைமார் கிளப்வரைக்கும் கதை நடக்கப்போவதை நான் கண்ணால் கண்டேன்.

"தூசி, சார்" என்றேன். "ரோட்டுத் தூசி."

"அப்படியானால் அந்த ஆள் திருடன் இல்லை, சோம்பேறி. துடைப்பதே இல்லை" என்றார் துரை. "சரி, சர்ட்டிபிகேட்டை மாற்றி எழுது. வேறு டிரைவருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று."

மாற்றி எழுதினேன். திருடன் என்ற இடத்தில், நேர்மையானவர், குடிக்காதவர், ஆனால் இயந்திரத்தைத் துடைத்து வைப்பதில் அக்கறையற்றவர் என்று வந்தது. மாதம் தவறாமல் சாக்கை விரித்தவரைப் பற்றி, பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தவன் எழுதியது அது.

சனிக்கிழமை காலையில் நானா பெட்டியோடு வந்தார். காகிதத்தைக் கொடுத்தேன். "வாசிச்சிச் சொல்லுங்க ஐயா" என்றார்.

"நேர்மையானவர்னு போட்டிருக்கு. குடிப்பழக்கம் இல்லாதவர்னு போட்டிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பெரகல பாதையில் இறங்கிப் போனார். லயத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "மனசில்லாம பூசையில நின்னாரு, சாமி காட்டிருச்சு" என்று கங்காணி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொன்னபோது, பேர் கூப்பிடும் புத்தகத்தோடு நானும் அங்கே நின்றேன். நான் அதையும் மறுக்கவில்லை.

புது டிரைவர் வந்தார். கார் தினமும் காலையில் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். துரை தபாலைப் பார்த்து முடிக்கும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு தத்தல் கிடையாது, ஒரு துள்ளல் கிடையாது. அவ்வளவு அமைதியாக ஓடும் இஞ்சினுக்குப் பக்கத்தில் என்னால் ஒரு கூட்டல்கூடச் சரியாகப் போட முடியாமல் இருந்தது. ஏழு மாதம் அப்படிப் போனது. அதன் முடிவில் துரை சீமைக்குப் போய்விட்டார். அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பிறகு ஒருநாள் பல்வலிக்கென்று பதுளைக்குப் போனேன். பல்வலி உண்மைதான். பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் நான் கடைவீதியில் அலைந்ததற்குக் காரணம் வேறு. விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு பாத்திரக் கடையின் பின்புறத்தில், மண்ணெண்ணெய் ஸ்டவ்களுக்கு நடுவே, நானா உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டவ்வின் துளையைக் கோழியிறகால் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா, வாங்க!" என்று எழுந்து, முக்காலியைத் தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வரவழைத்தார். கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "அப்ப தொரை சும்மா சொன்னார். இப்பதான் ஐயா என்ட கையில மண்ணெண்ணெய் ஈக்கி."

நான் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பல் பிடுங்கின வாயால் சொன்னேன். என்னை அறியாமல் அது நல்ல கதையாகிவிட்டது. பிராணன் வேண்டும் என்றதையும் மகாவலி கங்கையையும் சொன்னேன். அவர் சிரிக்கவேண்டிய இடங்களிலெல்லாம் சிரித்தார், மரியாதையுள்ள மனிதர். முடித்ததும் ஸ்டவ்வைக் கீழே வைத்தார்.

"வெலிமடையில ஒரு தொரைகிட்ட வேலைக்குப் போனேன் ஐயா. அவர் அந்தக் கடுதாசிய வாசிச்சு, தமிழ்லயே எனக்குச் சொன்னார். நீங்க வாசிச்சதும் அவர் வாசிச்சதும் கொஞ்சம் வித்தியாசமா இருந்திச்சு."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"திருடன்னு போட்டிருந்தாலும் எனக்குத் தாங்கும். அல்லாஹ்வுக்குத் தெரியும். தொடைக்க மாட்டான்னு போட்டிருந்திச்சு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த காக்கிக் கோட்டின் பையில் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தார். திறந்து காட்டினார். கொட்டகையில் காகிதத்தில் சேர்த்த அந்தச் சாம்பல், எண்ணெய் மணம் மாறாமல்.

"தொரைகிட்டக் காட்டலாம்னு வெச்சேன். பொறகு வாணாம்னு விட்டேன். உங்கட சாமிட சாமான், கீழ கொட்ட மனசு வரல்ல. யார்கிட்டக் குடுக்கிறதுன்னும் தெரியாம இருந்திச்சு. நல்லவேளை, நீங்களே வந்தீங்க."

நீட்டினார். என் வலது கை இடது கையின் மேல் ஏறி, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி, தானாகக் குவிந்து நின்றது. தட்டினார். விழுந்தது. பிறகு நாற்பத்தைந்து வருஷத்துப் பழக்கம் ஒரு கிள்ளு எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டது. மீதியைத் தீப்பெட்டியோடு வாங்கிக்கொண்டேன். சர்ட்டிபிகேட்டைப் பற்றி என்ன செய்யலாம் என்று இருவருமே பேசவில்லை. கையெழுத்துப் போட்ட துரை கடலுக்கு அப்பால் இருந்தார். திருத்திய ஆளின் கையெழுத்துக்கு எந்தப் பங்களாவிலும் மதிப்பில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். பண்டாரவளை தாண்டியதும், என் பக்கத்தில் மடியில் கோழியோடு இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். குனிந்து காலடியைப் பார்த்தார், டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்கயோ மோட்டார் எண்ணெ மணக்குதுங்களே. வண்டியில ஏதும் ஒழுகுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அது நாந்தாங்க."